கூழ்வத்தலும் நேற்றிரவு வைத்த ஸ்டேட்டஸும்

குழு: வடக்குத் தெரு வீட்டுச் சொந்தங்கள்

அக்கா (சென்னை), காலை 6:10
சித்தி, நேற்றிரவு நீங்கள் வைத்த ஸ்டேட்டஸை இப்போதுதான் பார்த்தேன். "கால் கிலோ கூழ்வத்தலுக்குப் பேரம் பேசுகிறவர்கள் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், வெட்டிப் பேச்சுக்கு எனக்கு நேரமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் பேரம் பேசிய இரண்டு பேருக்காக எழுதியதை, ஒரு நாளும் பேரம் பேசாத அத்தனை வாடிக்கையாளர்களும் படித்திருப்பார்கள்.

சித்தி (கல்லிடைக்குறிச்சி), காலை 6:18
நான் என்ன செய்வேன் அம்மா? முந்தாநாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கூழ் காய்ச்சி, வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடியில் எட்டு வேட்டி நிறையப் பிழிந்துவிட்டுத்தான் இறங்கினேன். மாலையில் அடித்த கோடை மழையில் பாதி கரைந்தது. மீதி ஈரம் வற்றாமல் புளித்து வாடை வந்துவிட்டதால் நேற்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டிவிட்டுக் கை கழுவும் நேரத்தில் ஒருவர் "கடையில் இதைவிட மலிவு" என்று எழுதினால் மனம் எப்படிப் பொறுக்கும்?

மதினி, காலை 6:25
சித்தி, வருத்தப்படாதீர்கள். மும்பையில் இருக்கும் நம் பழைய வாடிக்கையாளர் அம்மா நேற்றிரவே என்னை அழைத்தார்கள். "இரண்டு பாக்கெட்டாக எடுத்தால் கூரியர் செலவு குறையுமா என்று போன வாரம் கேட்டேனே, என்னைத்தான் சொல்லியிருக்கிறார்களா?" என்று கேட்டபோது அவர்கள் குரல் கம்மியிருந்தது.

சித்தி, காலை 6:27
ஐயோ, அவர்களை நினைத்து நான் எழுதவே இல்லை. இந்த நிமிடமே அழித்துவிடுகிறேன்.

அக்கா, காலை 6:36
அழித்துவிட்டு, அவர்களை நீங்களே அழைத்து இரண்டு வார்த்தை பேசுங்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகவே மறைந்துவிடும், ஆனால் தன்னைத்தான் சொன்னார்கள் என்ற நினைப்பு அப்படி மறையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும் சித்தி. 6:18-க்கு நீங்கள் இங்கே எழுதியதை மறுபடியும் படித்துப் பாருங்கள். நான்கு மணிக்கு எழுந்ததையும், எட்டு வேட்டி பிழிந்ததையும், வாடை வந்த வத்தலை யாருக்கும் விற்க மனமில்லாமல் கொட்டியதையும் படித்தவர் யாரும் விலையைப் பற்றி வாய் திறக்க மாட்டார். உங்கள் வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியது அதுதான். அதை எங்களிடம் சொல்லிவிட்டு, அவர்களுக்குக் கோபத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள்.

சித்தப்பா, காலை 6:48
நல்லவிதமாக எழுத வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மழையை மறைத்துவிட்டு "எல்லாம் சிறப்பாக நடக்கிறது" என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. சென்ற ஆண்டு நான் "விரைவில் அனுப்புகிறோம்" என்றே மூன்று வாரம் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரத்தில், பணம் கட்டியவர்களுக்கு அந்த இனிமையான சொல்லைக் கண்டாலே எரிச்சல் வந்துவிட்டது.

அதே போல, நம் வடுமாங்காயைப் புகழ்வதற்காகக் கடை ஊறுகாயை விஷம் என்று எழுதுவதும் வேண்டாம். அவர்கள் சேர்ப்பது, ஊறுகாய் கெடாமல் இருக்கச் சட்டம் அனுமதித்த அளவில் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டாக இருக்கலாம், அதைப் பாட்டில் லேபிளிலேயே அச்சிட்டிருப்பார்கள். நாம் எதைச் சேர்க்கிறோம் என்று சொன்னாலே போதும்.

அக்கா, காலை 6:55
சித்தப்பா சொல்வது மிகச் சரி. "வடுமாங்காயில் உப்பு அதிகம்" என்று கூகுள் மேப்பில் ஒருவர் எழுதியதற்கும் இப்படித்தான் பதில் தர வேண்டும். அவருக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்று எழுதாமல், சொன்னதற்கு முதலில் நன்றி சொல்லுங்கள். கல்லுப்புதான் வடுவிலிருந்து நீரை இழுத்து அதைச் சுருங்க வைத்து, கெடாமல் காக்கிறது என்பதையும், உப்புப் போடாத தயிர்சாதத்தோடு சாப்பிட்டால் அளவாக இருக்கும் என்பதையும் எழுதுங்கள். அந்தப் பதிலை அவர் படிக்காமல் போனாலும், அடுத்து வாங்க நினைக்கிறவர் கட்டாயம் படிப்பார்.

மதினி, காலை 7:02
ஆச்சி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன்: "நான் வாசல் திண்ணையில் விற்ற காலத்தில் விலை அதிகம் என்று யாராவது சொன்னால், பதில் பேசாமல் உள்ளே போய் நாலு வத்தலைப் பொரித்துக்கொண்டு வந்து கையில் கொடுப்பேன். தின்று பார்த்துவிட்டு அவர்களாகவே காசை எடுப்பார்கள்."

அக்கா, காலை 7:04
ஆச்சி, இது அருமையான யோசனை. எண்ணெயில் போட்டதும் வத்தல் வெள்ளைவெளேரென்று விரிகிறதே, அதைப் பதினைந்து விநாடி வீடியோவாக எடுத்து, அதன் கீழே மழையில் நடந்ததை எழுதலாம்.

சித்தி, காலை 7:31
மும்பை அம்மாவிடம் பேசிவிட்டேன், மனம் லேசாயிற்று. புதிய ஸ்டேட்டஸுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "முந்தாநாள் பெய்த மழையில் எட்டு வேட்டிக் கூழ்வத்தல் வீணாகிவிட்டது. ஈரம் பட்டதை உங்களுக்கு அனுப்ப மனமில்லாததால் மறுபடியும் பிழிகிறோம். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வேண்டும் என்பதால் சற்றுத் தாமதமாகும். காத்திருக்க இயலாதவர்கள் சொன்னால் பணத்தை அன்றே திருப்பி அனுப்புகிறோம். விலை பழைய விலைதான்."

மதினி, காலை 7:35
படிக்கும்போதே எனக்கு இரண்டு பாக்கெட் வேண்டும் போலிருக்கிறது. "சற்று" என்பதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை என்று போட்டுவிடலாமா?

சித்தி, காலை 7:38
வேண்டாம் அம்மா. வெயிலை நம்பி நான் எப்படி நாள் குறிப்பேன்? "சற்று" என்பதையும் எடுத்துவிடுகிறேன். வத்தல் காய்ந்து பாக்கெட் போடும் அன்று ஒவ்வொருவருக்கும் நானே செய்தி அனுப்புவேன் என்று கடைசியில் சேர்த்துவிடுகிறேன்.

சித்தப்பா, காலை 7:40
அப்படியே போடு. நான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கிறேன், நீ போனை எடுத்துக்கொண்டு வா.