விழுந்த பிறகு உட்கார வைத்தோம்: முதியோரின் கால் வலிமை குறித்த எங்கள் அனுபவங்கள்

என் தாயார் தமது 78ஆம் வயதில் குளியலறை வாசலில் கால் இடறி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. இடுப்பில் வீக்கம் மட்டும் இருந்தது, அதுவும் பத்து நாளில் வடிந்துவிட்டது. ஆனால் மறுபடியும் விழுந்துவிடுவாரோ என்ற அச்சத்தில், தண்ணீர் கேட்டால் இருக்கும் இடத்திற்கே கொண்டுபோய்க் கொடுத்தோம், துணி மடிக்கக்கூட விடவில்லை. "நீங்க உட்காருங்கம்மா" என்பதுதான் நாள் முழுவதும் எங்கள் வாயில் இருந்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், நாற்காலியின் கைப்பிடிகளை விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்கு அழுத்தியும் இரண்டு முறை பாதியிலேயே சரிந்து, மூன்றாம் முறைதான் அவரால் எழ முடிந்தது. விழுந்ததில் கெடாத கால்கள், நாங்கள் உட்கார வைத்ததில் கெட்டிருந்தன.

வீட்டுக்கு வந்து பார்த்த இயன்முறை மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. நல்ல உடல்நலத்தோடு இருக்கும் முதியவர்களே பத்து நாள் தொடர்ந்து படுக்கையில் இருந்தால் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்துவிடுகிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நாற்காலியில் இரண்டு தலையணைகளை அடுக்கி உயரத்தைக் கூட்டினார். பாதங்களைச் சற்றுப் பின்னால் இழுத்து, மார்பை முன்னால் சாய்த்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வந்த பிறகே எழ வேண்டும் என்று பழக்கினார். காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை; உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும் என்பதில் மட்டும் மிகவும் கண்டிப்பாக இருந்தார். ஒரு மாதத்தில் ஒரு தலையணை போயிற்று, மூன்றாம் மாதத்தில் மற்றதும் போயிற்று. கால் வலிமையை அளக்க, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 நொடியில் ஒருவர் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணுவார்கள். தொடக்கத்தில் ஒருமுறைகூட முடியாதவர் இப்போது ஒன்பது முறை எழுகிறார். அவர் வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் குறைந்தால் விழும் அபாயம் கூடுதல் என்பதால், இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது என்று அம்மாவே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மறுமொழி: எனக்கு 71 வயது. பதினைந்து ஆண்டுகளாக நாள்தோறும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன்; இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பதற்கு அந்த நடையே பெரும் காரணம் என்று நம்புகிறேன். அப்படியிருந்தும் தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழ முடியாத நிலை வந்தது. நடை இதயத்துக்கு நல்லது. தொடைத் தசையின் வலிமையையும் சமநிலையையும் அது ஓரளவுக்கு மேல் வளர்ப்பதில்லை என்பதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாட்களாவது செய்யச் சொல்கிறது. இந்த இரண்டாம் பாதியைத்தான் என்னைப் போன்ற நடையாளர்கள் விட்டுவிடுகிறோம். தொடைப் பயிற்சி தொடங்கிய பிறகு என் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது; வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் இருந்த நாட்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மறுமொழி: "இந்த வயதில் இனிமேல் என்ன பயிற்சி?" என்று என் தந்தையைப் பற்றி உறவினர்கள் கேட்டார்கள், அவருக்கு வயது 90. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளித்து 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அவர்களுடைய தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. அதைப் படித்த பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. ஆயினும் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்கவில்லை. அப்பாவுக்கு எழுந்தவுடன் தலை சுற்றும் என்பதால், இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவர் முதலில் மாற்றிக் கொடுத்தார். இப்போது அப்பா சுவரோரக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி நிற்கிறார். நான் பக்கத்தில் நின்று பத்து வரை எண்ணுகிறேன். ஏழில் நிறுத்திவிட்டால், மீதி மூன்றை அவரே எண்ணி முடிக்கிறார்.