டெப்பில் (டேப்லட்டில்) லினக்ஸ், விண்டோஸ் போன்ற கணினி இயங்குதளங்களை ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கல்லடியிலிருந்து:

முதலில் என் கதை. 2022இல் இங்கே இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரம் எனக்குத் தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிக்கிற வேலை இருந்தது. வீட்டுக் கணினியின் யூபிஎஸ் பத்து நிமிடம்கூடத் தாங்காது, கையில் மிச்சம் 2020இல் மகளின் ஒன்லைன் வகுப்புக்கு வாங்கிய ஆண்ட்ராய்டு டெப் மட்டும்தான். அதில் வேர்ட் செயலி இருக்குமே என்பீர்கள், இருந்தது. ஆனால் எங்களிடம் உள்ள பழைய வினாத்தாள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். டெப்பில் திறந்தால் 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். பாமினி எழுத்துருவை அந்தச் செயலிக்குள் கொண்டுபோக எனக்கு வழி கிடைக்கவில்லை.

சரி, விண்டோஸையே டெப்புக்குள் ஏற்றுவோம் என்று ஆண்ட்ராய்டுக்குள் ஒரு கணினியைப் போல நடிக்கும் லிம்போ என்ற செயலியைப் போட்டு, பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஓட்டினேன். ஓடியது, உண்மை. ஸ்டார்ட் பொத்தானை அமத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தால் அப்போதுதான் மெனு பாதி திறந்திருக்கும். செயலியைக் குறை சொல்ல முடியாது: எக்ஸ்பி இன்டெல் வகைச் சில்லுக்கு எழுதியது, டெப்பில் இருப்பது ஆர்ம் என்ற வேறு வகை, ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளே மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத்தான் ஓட்ட வேண்டும். எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளியைப் பார்த்து மகள் கைதட்டினாள், அவ்வளவுதான் அதனால் கிடைத்த பலன்.

உண்மையில் கைகொடுத்தது டெர்மக்ஸ், ஆண்ட்ராய்டுக்குள் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் செயலி. ரூட் செய்யத் (டெப்பின் முழு அதிகாரத்தையும் கையில் எடுக்கத்) தேவையில்லை, அதற்குள் ப்ரூட் டிஸ்ட்ரோ என்ற கருவியைப் போட்டு டெபியன் என்ற லினக்ஸை இறக்கினால் அது ஆர்ம் சில்லுக்கென்றே தொகுத்த டெபியன், நடுவில் மொழிபெயர்ப்பு வேலையே இல்லை. முதலில் பிளே ஸ்டோரில் கிடந்ததை இறக்கி ஒரு இரவு வீணானது. அது 2020க்குப் பிறகு புதுப்பிக்காமல் கிடந்த பதிப்பு, எஃப் டிராய்ட் என்ற மாற்றுச் செயலிக் களஞ்சியத்தில் இருந்து எடுங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தார்கள், நான்தான் வாசிக்கவில்லை. பிறகு திரையில் மெனு, ஜன்னல் எல்லாம் காட்ட எக்ஸ்எஃப்சிஇ, வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபிஸ், அந்த லினக்ஸ் திரையை டெப்பில் பார்க்க ஒரு விஎன்சி செயலி. பாமினி கோப்பை எழுத்துருக்களுக்கான ஃபோல்டரில் போட்டு லிப்ரே ஆபிஸை மூடித் திறந்தேன், வினாத்தாள் தமிழில் வந்து நின்றது. மெழுகுதிரி வெளிச்சத்தில் நான் சிரித்ததைப் பார்த்து மனைவி பயந்துவிட்டா.

ஒரு தொந்தரவு மட்டும் இருந்தது. ஆண்ட்ராய்டு 12க்கு மாறிய பிறகு, அடித்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் மறைந்து 'சிக்னல் 9' என்று ஒரு வரி மட்டும் மிஞ்சும். செயலிகள் பின்னால் பிறப்பிக்கும் துணைச் செயல்கள் மொத்தம் 32ஐத் தாண்டினால் ஆண்ட்ராய்டே வெட்டிவிடுகிறதாம். கணினியில் இணைத்து, ஆண்ட்ராய்டுக்கு அங்கிருந்தே கட்டளை கொடுக்கும் ஏடிபி கருவியால் அந்த வெட்டை நிறுத்தினேன். ஆண்ட்ராய்டு 14இல் டெவலப்பர் அமைப்புகளுக்குள்ளேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதோடு ஓடிஜி கேபிளில் (டெப்பில் யூஎஸ்பி சாதனம் செருக உதவும் கேபிள்) ஒரு கீபோர்ட் கட்டாயம் செருகுங்கள். விரலால் லிப்ரே ஆபிஸ் மெனுவைத் தொடுவது மீன் முள் எடுக்கிற வேலை.

கல்முனையிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும் சேர். என்னுடையது நேர் எதிர்க் கதை. மச்சான் கட்டாரிலிருந்து வரும்போது ஒரு விண்டோஸ் டெப் கொண்டுவந்தார், இன்டெல் ஆட்டம் சில்லு, 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு, உள்ளே விண்டோஸ் 8.1. அசல் விண்டோஸ் என்பதால் கடைக்கணக்கு மென்பொருள் நோகாமல் ஓடியது, ஒரு வருசம் ராசா மாதிரி இருந்தேன். 10க்கு ஏற்றிய பிறகுதான் சனி பிடித்தது, பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இடம் போதாது என்று நின்றுவிடும், படங்களை அழித்து, மெமரி கார்டைப் போட்டு, மறுபடியும் அதே பாட்டு.

கடைசியில் லினக்ஸ் போடலாம் என்று பென் டிரைவ் செய்தால் டெப் அதைக் கண்ணாலும் பார்க்கவில்லை. இரண்டு கிழமை தலையை உடைத்துக்கொண்டேன். சில்லு 64 பிட், ஆனால் டெப்பை முதலில் எழுப்பும் (பூட் செய்யும்) உள்மென்பொருளான யூஇஎஃப்ஐ 32 பிட்! அந்தக் காலத்து இந்த வகை டெப்களில் பெரும்பாலும் இப்படித்தான், 64 பிட் பூட் கோப்பு மட்டும் உள்ள பென் டிரைவை அது கணக்கிலேயே எடுக்காது. 32 பிட் கோப்பும் சேர்ந்த டெபியன் ஐஎஸ்ஓவை (நிறுவும் கோப்பை) போட்டதும் பூட் ஆனது. அப்புறம் டச் வேலை செய்யவில்லை, அதற்குத் தனி ஃபர்ம்வேர் (டச் சில்லை இயக்கும் மென்பொருள்) தேடிப் போட்டேன், போட்டதும் டச் தலைகீழ், மேலே தொட்டால் கீழே அமருது. என்ட வாப்பா அதைப் பார்த்துவிட்டு, "மகன், இது உன்னை மாதிரியே இருக்கு" என்றார்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, 11 கேட்பது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும், ஆகவே இந்த வகை டெப் வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸை விட்டால் வேறு போக்கிடம் குறைவு. என்னிடம் தீராத ஒரு பிரச்சினை: இருப்பது ஒரே மைக்ரோ யூஎஸ்பி துளை. சார்ஜ் போட்டால் கீபோர்ட் இல்லை, கீபோர்ட் போட்டால் சார்ஜ் இல்லை.

ஒலுவிலிலிருந்து:

ஐபேட்டில், வேறு கணினியைப் போல நடிக்கும் யூடிஎம் எஸ்இ என்ற செயலியைப் போட்டுப் பார்த்தேன், 2024 ஜூலையில் ஆப் ஸ்டோருக்கு வந்ததும் ஆசையில். வேகத்துக்குத் தேவையான ஜிட் முறைக்கு (கட்டளைகளை ஓடும்போதே மொத்தமாக மொழிபெயர்த்து வைக்கும் முறை) அங்கே அனுமதி இல்லாததால் பழைய, சின்ன இயங்குதளங்கள்தான் ஏதோ தவழும். பைதான் பாடத்துக்கு அதை நம்பி இருக்க ஏலாது. இப்போது வீட்டுக் கணினியை ஓடவிட்டு ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைகிறேன், வைஃபை நன்றாக இருக்கும்வரை ஐபேட்டில் முழு விண்டோஸ் இருக்கிற மாதிரித்தான். கரண்ட் போனால் கல்லடி சேரின் கதைதான்.

கல்லடியிலிருந்து:

கல்முனைத் தம்பி, கீபோர்டுக்கு யூஎஸ்பி துளை எதற்கு? புளூடூத் கீபோர்ட் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, உங்கள் டெபியனில் புளூடூத் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். சனிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன், கொண்டுவந்து தருகிறேன்.

கல்முனையிலிருந்து:

புளூடூத்தா? அது இன்னும் எழும்பவே இல்லை சேர். ஆனாலும் கொண்டு வாங்க.