புதுப்பிப்பு: ஆறாவது படிக்கும் பையனுக்கு எட்டாவது கணக்கு (கடலூர்)

ஒரு வகுப்பு தாண்டிப் போடலாமா, கணக்கை மட்டும் மேல் வகுப்பில் படிக்க வைக்கலாமா என்று ஜூனில் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

பலித்தது, "முதலில் எட்டாவது முழுஆண்டுக் கணக்குத் தாளைக் கொடுத்துப் பாருங்கள்" என்ற யோசனைதான். 100க்கு 81. விடைத்தாளைப் பார்த்ததும் தலைமை ஆசிரியர் கணக்குக்கு மட்டும் எட்டாவதில் உட்காரச் சம்மதித்தார். இரண்டு வகுப்புக்கும் கணக்குப் பீரியடை ஒரே நேரத்தில் வைத்ததால் வேறு பாடம் விடுபடவில்லை. இதை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

எதிர்பாராதது, நடுவில் விட்ட ஏழாவது. போன 19 மதிப்பெண்ணில் பெரும்பகுதி அங்கேதான்: −3 − (−5) என்பதற்கு −8 என்று எழுதியிருந்தான் (விடை 2), காம்பஸ் பிடித்துக் கோணத்தைச் சரிபாதியாக்கத் தெரியவில்லை. ஏழாவது புத்தகத்தில் முழுக்களையும் வடிவியல் வரைதலையும் மட்டும் மூன்று வாரம் போட்டதில் சரியாகிவிட்டது.