இளம் பேட்ஸ்மேன்களில் யார் நீடிப்பார்?

கேள்வி: இந்தியாவின் ஜெய்ஸ்வால், இங்கிலாந்தின் ஹாரி புரூக், இலங்கையின் கமிந்து மெண்டிஸ், நியூசிலாந்தின் ரச்சின் ரவீந்திரா. இந்த நாலு பேரில் பத்து வருஷம் நின்று ஆடப்போவது யார்? சராசரியைக் காட்டாமல் காரணம் சொல்லுங்கள்.

பதில் 1: ஜெய்ஸ்வால்தான். 2024 பெர்த் டெஸ்டில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஸ்டார்க்கிடம் டக் அவுட் ஆனவர், ரெண்டாவது இன்னிங்சில் அதே ஸ்டார்க்கைப் பார்த்து பந்து மெதுவா வருதுன்னு சொல்லிவிட்டு 161 அடித்தார், அதிலும் சதத்தைத் தொட்டது ஹேசில்வுட் பவுன்சரை ஃபைன் லெக்குக்கு மேலே சிக்ஸர் தூக்கி.

பதில் 2: வாய்ப்பேச்சை எல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது சார். கமிந்துவைப் பாருங்கள், வங்கதேசத்தின் சில்ஹெட்டில் ஒரே டெஸ்டில் ரெண்டு சதம், அதுவும் ஏழாவதாகவும் எட்டாவதாகவும் இறங்கி! டெயிலை, அதாவது கடைசியில் இறங்கும் பவுலர்களை, வைத்துக்கொண்டு ஸ்ட்ரைக்கைத் தக்கவைப்பது தனி வித்தை. 13 இன்னிங்சில் ஆயிரம் ரன், பிராட்மேனுக்கு இணையாக. (சரி, சராசரி சொல்லவில்லை.)

பதில் 3: புரூக் முல்தானில் 317 அடித்தார், ஆனால் அது பவுலருக்கு எந்த உதவியும் இல்லாத செத்த பிட்ச், அதை வைத்து நான் எடைபோட மாட்டேன். ரச்சின் 2023 உலகக்கோப்பையில் மூணு சதம் போட்டபோது ஆடிய அந்த நிதானம்தான் எனக்குப் பிடித்தது.

கேள்வி கேட்டவர்: அப்போ புரூக்குக்கு ஒரு ஓட்டுகூட இல்லையா?