பெர்மிஷன் டினைடு: வீட்டு நெட்வொர்க்கில் உங்களைப் படுத்தியது எது?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
டிசைன் படங்கள் எல்லாம் மாடியில் இருக்கும் உபுண்டு (லினக்ஸ்) கணினியில். கீழே பட்டறையில் அப்பாவின் விண்டோஸ் லேப்டாப். சாம்பா ஷேர் (லினக்ஸ் ஃபோல்டரை நெட்வொர்க் வழியே விண்டோஸுக்குக் காட்டுவது) நன்றாக ஓடிக்கொண்டிருந்ததுதான். டிஸ்க் போய்விட, உபுண்டு 22.04 புதிதாகப் போட்டு, பழைய சாம்பா கான்ஃபிக்கை (செட்டிங் ஃபைலை) அப்படியே வைத்தேன். ஷேரின் பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டை ஏற்கிறது, திறந்தால் அனுமதி இல்லையாம். ஃபோல்டருக்கு 777 (யாரும் எதுவும் செய்யலாம் என்ற அனுமதி) கொடுத்துப் பார்த்தும் அசையவில்லை. வியாபாரி வேறு வந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா, "பென் டிரைவ்ல போட்டுக் குடு சாமி, போதும்" என்கிறார்.

"நேம்இஐ மைனஸ் எல்" கமாண்டை ஓட்டினேன். பாதையில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரின் பெர்மிஷனையும் வரிசையாகக் காட்டும். ஷேர் இருக்கும் என் ஹோம் ஃபோல்டர் வரியில் மற்றவர்களுக்கான இடத்தில் வெறும் மூன்று கோடு! உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 755 (மற்றவர்களும் நுழையலாம்) இல்லை, 750 (மற்றவர்களுக்கு எதுவும் இல்லை). அப்பாவின் கணக்கு வாசலைத் தாண்டவே இல்லை. உள் அறைக்கு 777 கொடுத்து என்ன பயன்? ஷேரை ஹோமுக்கு வெளியே, எஸ்ஆர்வி ஃபோல்டருக்குக் கீழே மாற்றியதும் திறந்தது.

ஏற்காடு மூடுபனி:
எங்கள் வீட்டில் என்எஃப்எஸ் (லினக்ஸ் கணினிகளுக்கு இடையே ஃபோல்டர் பகிரும் முறை). தங்கச்சி லேப்டாப்பில் சர்வர் ஃபோல்டரை மவுண்ட் செய்து (இணைத்து) கொடுத்தேன். "அண்ணா, என் காலேஜ் போட்டோ எதுவும் திறக்கலை. ஆனா உன் சம்பள ஸ்லிப் திறக்குது" என்றாள், சத்தமாக, அம்மா பக்கத்தில் இருக்கும்போது.

சர்வரில் யூசர் எண் (யூஐடி) எனக்கு 1000, அவளுக்கு 1001. அவள் லேப்டாப்பில் அவள்தான் 1000. சாதாரண என்எஃப்எஸ் பெயரை நம்பாது, எண்ணைத்தான் நம்பும். "எல்எஸ் மைனஸ் எல்என்" போட்டால் எண்ணாகவே தெரியும். அவள் லேப்டாப்பில் யூஐடியை 1001 ஆக்கி, அங்கிருந்த ஃபைல்களையும் சௌன் செய்து அந்த எண்ணுக்கு மாற்றினேன். சம்பள விவரம்தான் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அம்மாபேட்டை தறி:
கொலுசு, 777 என்று பொதுவில் எழுதாதீர்கள் தம்பி. படிக்கிறவன் அதையே செய்வான். ஒரு குரூப் உருவாக்கி எல்லாரையும் சேர்த்து, ஃபோல்டருக்கு 2770 கொடுங்கள் (உரிமையாளருக்கும் குரூப்புக்கும் மட்டும் முழு அனுமதி). அந்த 2 இருந்தால் உள்ளே புதிதாக வரும் ஃபைலும் அதே குரூப்புக்குப் போகும். சாம்பா பாஸ்வேர்டு வேறு, லாகின் பாஸ்வேர்டு வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. வெளி டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஃபார்மட் என்றால் சிமோட் (பெர்மிஷன் மாற்றுவது) செய்வதே வீண், யூஐடி, யூமாஸ்க் (எந்த அனுமதியை எடுப்பது என்ற எண்) இரண்டையும் மவுண்ட் செய்யும்போதே கொடுக்க வேண்டும். கான்ஃபிக்கில் கை வைத்தால் டெஸ்ட்பார்ம் ஓட்டித் தவறு பார்க்காமல் சாம்பாவை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஃபெடோரா (இன்னொரு லினக்ஸ்) ஆட்கள் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பையும் பார்க்கணும், அங்கே பெர்மிஷன் சரியாக இருந்தாலும் ஃபைலில் ஒட்டிய லேபிள் தடுக்கும்.

என் கதை சின்னது. சாம்பா 4.11 முதல் எஸ்எம்பி1 (ஷேர் பகிரும் பழைய முறை) தானாக அணைந்திருக்கும். என் பழைய டிவி பாக்ஸுக்கு அது மட்டும்தான் தெரியும். ஷேரே கண்ணில் படவில்லை.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
அண்ணா, 777 கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்றுதானே எழுதினேன்? போடச் சொல்லவில்லையே. ஷேரை மாற்றியதும் அதையும் எடுத்துவிட்டேன். 2770 சரி, இன்றைக்கே போடுகிறேன். அப்புறம், அந்த டிவி பாக்ஸுக்காக எஸ்எம்பி1-ஐத் திரும்பத் திறந்துவிட்டீர்களா?

அம்மாபேட்டை தறி:
திறக்கலை. மினிடிஎல்என்ஏ (டிவிக்குப் படம் அனுப்பும் சர்வர்) போட்டேன். படம் ஓடுது, சப்டைட்டில்தான் வரமாட்டேங்குது. யாருக்காவது தெரியுமா?