மாமா அனுப்பிய செய்தி

மாமா: (பகிரப்பட்டது) “கர்ப்பிணிகள் தினமும் சிறிது சிவப்பு ஒயின் அருந்தினால் இரத்தக்குழாய் விரியும். குழந்தை நல்ல நிறமாகப் பிறக்கும்.”

மாமா: நித்யாவுக்குப் பயன்படுமே!

கவிதா: மாமா, முதலில் அதை நீக்குங்கள். பிறகு பேசலாம்.

மாமா: ஏனம்மா? குடித்தால் முகம் சிவக்கிறதே, குழாய் விரிவதால்தானே?

கவிதா: அது தோலில் உள்ள குழாய். கருப்பைத் தமனியின் கதையே வேறு. கருவுறுவதற்கு முன் கருப்பைக்கு நிமிடத்துக்கு 50 மி.லி. அளவில்தான் இரத்தம் போகிறது. பிரசவம் நெருங்கும்போது 500 மி.லி.யைத் தாண்டுகிறது. தமனி பருத்து, விரிந்து கொடுத்தால்தான் அவ்வளவும் போகும்.

கவிதா: எலியின் கருப்பைத் தமனியை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன். நூலிழை போல இருக்கும். இரண்டு கண்ணாடிக் குழல்களுக்கு நடுவே கட்டி, குழாயை விரியச் செய்யும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டால் நுண்ணோக்கியில் மெல்ல விரிவது தெரியும். சினைக்காலத்தில் மது கொடுக்கப்பட்ட எலிகளில் அந்த விரிவு குறைந்துபோகிறது. குழாயின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் அதைத் தளர்த்துவது. மது அந்த இடத்திலேயே கை வைக்கிறது.

பெரியம்மா: எலியும் மனிதரும் ஒன்றா?

கவிதா: ஒன்றில்லை, பெரியம்மா. ஆனால் கர்ப்பிணிக்கு மது கொடுத்துச் சோதிக்க யார் சம்மதிப்பார்கள்? மது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சேர்வது மனிதரிலேயே உறுதியான செய்தி. அதனால் குழந்தைக்கு வரும் பாதிப்புக்கு 1973இலேயே ‘ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாரும் குழந்தையை மட்டுமே பேசுகிறார்கள், அதற்கு இரத்தம் கொண்டுபோகும் தாயின் குழாயை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் எரிச்சல்.

முரளி: பீருமா? அதில் 5 சதவீதம்தானே?

கவிதா: 330 மி.லி. பீரில் ஏறக்குறைய 13 கிராம் மது. 12 சதவீத ஒயின் 140 மி.லி.யிலும் அதேதான். கர்ப்பத்தில் ‘இவ்வளவு குடிக்கலாம்’ என்று பாதுகாப்பான அளவே கிடையாது.

நித்யா: அக்கா, கரு உண்டானது தெரியாமல் ஒரு விருந்தில் இரண்டு கோப்பை குடித்துவிட்டேன். இதைப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது.

கவிதா: நடுங்காதே. தெரியாமல் நடந்தது. இனி தொடாதே, அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் மறைக்காமல் சொல். ஐந்து நிமிடத்தில் அழைக்கிறேன்.

பெரியம்மா: அவளை யாரும் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

மாமா: இங்கே நீக்கிவிட்டேன். இன்னும் மூன்று குழுக்களில் போட்டிருக்கிறேனே, அங்கே எப்படி எடுப்பது?

முரளி: கைபேசியோடு கீழே வாருங்கள், மாமா.