டேட் தாண்டிட்டு: ஜெல் வைக்கலாமா, காத்திருக்கலாமா?

இனயம் அக்கா:
என் தங்கைக்குத் தலைப்பிரசவம். கார்டில் போட்ட தேதி தாண்டி இன்றோடு 5 நாள். வலி இல்லை, அவ்வப்போது சூட்டுவலி மாதிரி ஒன்று வந்து போகிறது. நாளை மறுநாள் 41 வாரம் ஆகிறது, அட்மிட் ஆகுங்கள், வலி வர ஜெல் வைக்கலாம் என்கிறார் டாக்டர். எங்கள் அம்மைக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. பாட்டி அம்மையைப் பதினோராம் மாதத்தில்தான் பெற்றாளாம், அதுவும் வீட்டில். மாப்பிள்ளை ஆழ்கடல் போட்டில் இருக்கிறான், கரைக்கு வர இன்னும் 2 வாரம். அவன் வந்தபிறகு பிறந்தால் என்ன என்று மாமியார் வேறு. நடுவில் நான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முளகுமூடு அண்ணாச்சி:
காத்திருங்கள் தங்கச்சி. மட்டி வாழைக்குலையைப் புகை போட்டுப் பழுக்க வைக்கிற மாதிரி பிள்ளையைப் பழுக்க வைக்க முடியாது. என் வீட்டுக்காரிக்கு 38 வாரத்தில் தண்ணீர் குறைவு, இன்றைக்கு சாயந்திரமே ஆபரேஷன் என்றார்கள். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். நாங்கள் கையெழுத்துப் போடாமல் ஸ்கேனைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போனோம். தண்ணீர் சரியாகத்தான் இருந்தது. 40 வாரம் 2 நாளில் சுகப்பிரசவம், பையன் 3 கிலோ 100.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். தனியாரில் மட்டும் எடுத்தால் 64 கிட்ட. இத்தனை பெண்களுக்கும் இயற்கை கைவிட்டுவிட்டதா?

பழைய சிஸ்டர்:
31 வருடம் பிரசவ வார்டில் நின்றவள் நான். அண்ணாச்சியின் மட்டிக்குலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மரத்திலேயே விட்டுவைத்தால் அணில் கொத்தும்.

38 வாரத்தில் காரணமில்லாமல் அவசரப்படுத்தியது தப்பு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் 41 வாரத்துக்கு முன்பு வலி வரவைக்க உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. 41 வாரம் நிச்சயமாகத் தொட்டுவிட்டால் பரிந்துரைக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

தேதி தாண்டத் தாண்ட நஞ்சுக்கொடி சோர்ந்துபோகும், பனிக்குடத் தண்ணீர் வற்றும். பிள்ளை உள்ளேயே மலம் கழித்து, அதை மூச்சில் இழுத்துக்கொள்ளும் அபாயம் கூடும். சில பிள்ளைகள் வளர்ந்துகொண்டே போய்த் தோள் மாட்டும். தாய்க்குக் கிழிசலும் ரத்தப்போக்கும் அதிகமாகும். ஸ்வீடனில் 2,760 பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. 41 வாரத்தில் வலி வரவைத்தவர்களிடம் ஒரு சிசு மரணமும் இல்லை. 42 வரை விட்டவர்களிடம் 6. ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

முளகுமூடு அண்ணாச்சி:
அதே ஆய்வில் ஒன்றை விட்டுவிட்டீர்கள் சிஸ்டர். ஸ்டாக்ஹோம் பகுதியில் 41 வாரத்தில் ஸ்கேன் பார்க்கும் வழக்கம் உண்டு, அங்கே ஒரு மரணமும் இல்லை. அப்போ காத்திருந்தது தப்பா, கவனிக்காமல் விட்டது தப்பா?

ஜெல் வைத்தால் சாதாரணமாகவா முடிகிறது? ஜெல், டிரிப்ஸ், பிறகு "வாய் திறக்கல", பிறகு தியேட்டர். வார்டில் பார்த்திருப்பீர்களே.

பழைய சிஸ்டர்:
பார்த்திருக்கிறேன். கர்ப்பப்பை வாய் கொஞ்சமும் இளகாமல் கல் மாதிரி இருக்கும்போது அவசரப்பட்டு டிரிப்ஸ் ஏற்றினால் அப்படித்தான் முடியும். முதலில் ஜெல்லோ பலூனோ வைத்து, வாய் இளகப் பொறுமையாக விடவேண்டும், ஒரு நாள்கூட ஆகலாம். அந்தப் பொறுமை நம் வார்டுகளில் குறைவு என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஷிஃப்டில் எத்தனை கட்டிலுக்கு ஓடியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் மருந்து வைத்ததாலேயே சிசேரியன் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. 2020-ல் 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சிசேரியன் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. சிசு மரணம் காத்திருந்தவர்களிடம் 25, வலி வரவைத்தவர்களிடம் 4. ஸ்டாக்ஹோம் விஷயம் உண்மைதான், ஸ்கேனால்தான் அங்கே தப்பித்தார்கள் என்று அடித்துச் சொல்ல அந்த எண்ணிக்கை போதாது.

முளகுமூடு அண்ணாச்சி:
அதே கணக்கில் 544 பேருக்கு வலி வரவைத்தால் ஒரு பிள்ளை பிழைக்கும் என்றும் இருக்கிறது. மீதி 543 பேர் சும்மா வேதனைப்பட வேண்டுமா? ஸ்வீடன் ஆஸ்பத்திரியையும் நம் ஊரையும் ஒப்பிடவும் முடியாது.

பழைய சிஸ்டர்:
அந்த 543 பேரும் எப்படியும் பிரசவ வலி படத்தானே போகிறார்கள்? மருந்து வலி முறுக்கிப் பிடிக்கும், அது நிஜம். மற்றபடி அவர்களுக்குக் கூடுதல் ஆபரேஷன் இல்லை.

ஊர் வித்தியாசம் என்றால் அது என் பக்கம்தான் பேசுகிறது. பேச்சிப்பாறை அணைக்கு அந்தப்பக்கம் சில காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் படகில்தான் போகவேண்டும். ராத்திரி அசைவு நின்றால் அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு எப்போது வந்து சேர்வது? ஸ்டாக்ஹோம் மாதிரி காத்திருக்க ஸ்டாக்ஹோம் மாதிரி ரோடும் வேண்டும்.

வெள்ளமடம் வசந்தம்:
நான் காத்திருந்தவள், அதனால் எழுதுகிறேன். 41 வாரம் 6 நாள். ஜோசியர் சொன்ன நட்சத்திரத்துக்காக 3 நாள் தள்ளினோம் (சிரிக்காதீர்கள், படித்த குடும்பம்தான்). பனிக்குடம் உடைந்தபோது விரிப்பில் குளத்துப் பாசியைக் கரைத்துக் கொட்டின மாதிரி பச்சை. மகள் பிறந்ததும் அழவில்லை. கையில் வாங்கிப் பார்த்தால் நகம் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருக்கிறது, உள்ளங்கால் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிகிறது. 6 நாள் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள். இருந்தாலும் அந்தப் பச்சையை மறக்க முடியவில்லை.

முளகுமூடு அண்ணாச்சி:
பிள்ளை நன்றாக இருக்கட்டும். நட்சத்திரத்துக்காகத் தள்ளச் சொல்லி நான் எங்கும் சொல்லவில்லை.

பழைய சிஸ்டர்:
இனயம் தங்கச்சி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அந்தத் தேதி எதை வைத்துப் போட்டது? கடைசி மாதவிடாய்க்குத் தலைகுளித்த தேதியா, முதல் ஸ்கேனா? 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறவளுக்குத்தான் 280 நாள் கணக்கு. 35, 40 நாள் ஆகிறவளுக்குக் கரு தங்குவதே தள்ளித்தான். முதல் மூன்று மாத ஸ்கேனை எடுத்துப் பாருங்கள், அதுதான் நம்பகமானது. கடைசி மாத ஸ்கேனில் வரும் தேதி 3 வாரம்வரை முன்னே பின்னே போகும், அதை நம்பவேண்டாம்.

பாட்டியின் பதினோராம் மாதத்துக்கும் இதுதான் பதில். மாசி கடைசியில் தலைகுளித்தவளுக்கு 280 நாள் முடியும்போது மார்கழி பிறந்திருக்கும். விரல்விட்டு எண்ணினால் 11 மாதம், ஆனால் ஒரு நாள்கூடத் தள்ளவில்லை.

இனயம் அக்கா:
சிஸ்டர், பழைய கவரைத் தேடி எடுத்தேன். அவளுக்கு எப்போதுமே 36 நாள்தான். நர்ஸம்மாவிடம் அதை யாரும் சொல்லவில்லை. கார்டுப்படி 8 வாரம் 4 நாளில் எடுத்த ஸ்கேனில் 7 வாரம் 3 நாள் என்று இருக்கிறது. அந்தப்படி தேதி வர இன்னும் 3 நாள் இருக்கிறது!

முளகுமூடு அண்ணாச்சி:
நான் என்ன சொன்னேன்?

பழைய சிஸ்டர்:
நீங்கள் காத்திருக்கச் சொன்னீர்கள் அண்ணாச்சி, எந்தத் தேதியிலிருந்து என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதனால் இரண்டுபேரும் சும்மா இருப்போம்.

8 நாள் வித்தியாசம். அந்த வயதுக் கருவில் 5 நாளுக்குமேல் இருந்தாலே தேதியை மாற்றுவார்கள். கவரோடு நாளைக்கே டாக்டரிடம் போங்கள், நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். சர்க்கரை, பிரஷர் இல்லையே? அப்படியானால் அவரே புதுத் தேதியிலிருந்து 41 வாரம் எண்ணலாம். அதுவரை துடிப்பு கிராஃபும் தண்ணீர் அளவும் எப்போது பார்ப்பார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அசைவைத் தினமும் எண்ணட்டும், இடப்பக்கம் சரிந்து படுத்துக்கொண்டு, 2 மணி நேரத்தில் 10. குறைந்தால் தேதி, கார்டு எதையும் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுக்க யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வெள்ளமடம் வசந்தம்:
எனக்கு முதல் ஸ்கேன் தேதியும் சரியாகத்தான் இருந்தது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். புதுத் தேதியில் 41 வந்தால் மறுபடி தள்ளிப்போடாதீர்கள்.

இனயம் அக்கா:
தள்ளமாட்டோம். மாமியார்தான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, புதுத் தேதிக்கு 41 வாரம் ஆனாலும் போட் வராது போலிருக்கே என்றார். அவனிடம் பிறகு பிள்ளையைக் காட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். காலை 9 மணிக்குக் கிளம்புகிறோம், கவரைப் பைக்குள் வைத்தாயிற்று.